குத்தாமல் திறந்த டிக்கி

மெதுவாகப் போவதற்கென்றே ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் கீழ்வீட்டு பிரேக் மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய வாழ்க்கையை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. கோட்டைக் கதவுகளை உடைத்தவர்களைப் பற்றியெல்லாம் தலையணை தலையணையாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒரு டிக்கிக் கதவை உடைக்காமல் திறந்தவரைப் பற்றி நாலு பக்கம் எழுத ஆளில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

மாஸ்டருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிப் பள்ளியின் காரில் கற்பவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பார். பக்கத்து இருக்கையில் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக இன்னொரு பிரேக் உண்டு. திருப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டர், ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எதிரே வருபவரிடம் மன்னிப்புக் கேட்கும் வங்கி அதிகாரி என்று அவரிடம் படித்தவர்கள் பலர். அந்த இன்னொரு பிரேக்கின் புண்ணியத்தில் இன்றைக்கும் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. வண்டியைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் சாத்தினாலும், "கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம்" என்பார். அதற்கு மேல் மனசு கஷ்டப்பட்டால் அவர் கால் பிரேக்கை அழுத்தும், அவ்வளவுதான்.

தொழில் உடம்பில் ஊறிவிட்டால் வீடு, வாசல் என்று பார்க்காது. டி.வி.யில் யாராவது ரோட்டைக் கடந்தால் சோபாவில் இருந்தபடியே மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தும். முடி வெட்டும் கடையில் கத்தி காதுப் பக்கம் வந்தாலும் அழுத்தும். வலது கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் இடத்துக்குக் கைபிரேக் வலது பக்கம். வண்டி நின்றதும் அதை இழுக்கக் கற்பவர்கள் மறந்துவிடுவார்கள்; மாஸ்டரின் கை மறக்காது. வண்டி எங்கே நின்றாலும் கை தானாகப் போய் வலது பக்கம் எதையாவது இழுத்துவிட்டு வரும். பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருப்பவரின் குடையை இழுக்கும்.

இப்படிப்பட்டவர் ஏன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்று எங்கள் குடியிருப்பில் பலவிதமாகப் பேசிக்கொண்டோம். கடைசியில் அவரே சொன்ன காரணம் எளிமையானது. அந்தக் காரில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் மனைவி. கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இடம் கிடையாது. வாங்கும்போதே அது பழைய கார். ஒருகாலத்தில் சிவப்பாக இருந்திருக்கிறது. இப்போது சிவப்பு என்று சொன்னால் நம்பலாம் என்கிற நிலையில் இருக்கிறது. முன்விளக்குகள் இரண்டும் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும் வகை. ஆனால் ஒன்று உடனே எழும்பும், மற்றது யோசித்து எழும்பும். இந்தக் கண்ணடிக்கும் காரில் எந்த முகத்தோடு கடைத்தெருவுக்குப் போவது என்று மனைவி ஆரம்பத்தில் கேட்டார். பிறகு பழகிவிட்டது. வேகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தெருநாய்கள் ஆசையாகத் துரத்த வரும். நாலடி ஓடியதும், இது நமக்கு மரியாதையில்லை என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மாஸ்டரின் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கேக்கக்கா என்று பெயர். அந்தக் காருக்கும் கேக்குக்கும் ஏற்பட்ட பந்தம்தான் இந்த வரலாற்றின் உயிர்நாடி. காரின் பின்பக்கம் கூரையிலிருந்து வால் வரைக்கும் சரிந்து வரும் நீளமான கண்ணாடிக் கதவு. அதற்குக் கீழே கம்பளம் விரித்த அகலமான தட்டை இடம், ஒரு சின்னக் கட்டில் மாதிரி. கேக் வைக்க அதைவிட நல்ல இடம் எந்தக் காரிலும் கிடையாது. மாஸ்டரின் வேகத்தில் போனால் கேக்குக்குத் தான் பயணம் செய்வதே தெரியாது.

குறை ஒன்றுதான். டிக்கி ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டுநர் இருக்கைக்கு வலது பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருந்தது. அதை இழுத்தால் டிக்கியின் கொக்கி விடுபட்டுக் கதவு மேலே கிளம்ப வேண்டும். செய்தவர்கள் அப்படி நினைத்துத்தான் செய்தார்கள். இழுத்தால் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும்; கதவு அசையாது. ஒருவர் லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் நின்று கதவின் இடது மூலையில் ஓங்கி ஒரு குத்து விட வேண்டும். அப்போதுதான் திறக்கும். திறந்த கதவும் தானாக நிற்காது. அதைத் தாங்க வேண்டிய கேஸ் தண்டுகள் இரண்டும் எப்போதோ மூச்சை விட்டிருந்தன. ஒரு துடைப்பக் கட்டைதான் முட்டுக் கொடுத்து வந்தது. மாஸ்டரின் வலது கை ஒவ்வொரு சிக்னலிலும் கைபிரேக் என்று நினைத்து அந்த லீவரைத்தான் இழுத்து வந்தது. குத்து இல்லாமல் டிக்கி திறக்காது என்பதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. டக் என்ற சத்தம் காரின் இயல்பு என்று கேக்கக்கா நினைத்துக்கொண்டார்.

குத்து என்றால் யார் வேண்டுமானாலும் குத்திவிட முடியாது. மாஸ்டர் குத்தினால் தட்டுவது போலிருக்கும். கேக்கக்கா குத்தினால் வளையல்தான் உடையும். அந்த வித்தை கைவரப்பெற்றவர் கேக்கக்காவின் தம்பி. மெத்தைக் கடையில் விற்பனையாளர். வருகிற வாடிக்கையாளர் முன்னால் மெத்தையில் ஓங்கிக் குத்தி, பஞ்சு எழும்பி வருவதைக் காட்டுவதுதான் அவருடைய அன்றாட வேலை. மெத்தை மச்சான் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். கேக் போகும் இடமெல்லாம் அவரும் போக வேண்டும். காரில் இடமில்லை, ஸ்கூட்டரில் பின்னால் வருவார். மாஸ்டரின் வேகத்தில் ஸ்கூட்டர் நிற்காமல் சாயும் என்பதால் இரண்டு காலையும் தரையில் உந்தி உந்தித்தான் வருவார். போன இடத்தில் இறங்கி, சட்டைக் கையை மடித்து, மூலையை ஒருமுறை தடவிப் பார்த்து, "இழுங்க அத்தான்" என்பார். ஒரே குத்து. கதவு திறக்கும். கூடி நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர் வாரம் முழுக்க மெத்தை விற்றார் என்று சொன்னால் மிகையில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு நிச்சயதார்த்தக் கேக்கின் மேல் கேக்கக்கா சர்க்கரையில் ஒரு அன்னப்பறவை செய்து வைத்தார். வழி முழுக்க அது சுகமாக வந்தது. மண்டபத்து வாசலில் மெத்தை மச்சான் குத்து விட்டார். டிக்கி திறந்தபோது அன்னத்தின் தலை தனியாகக் கிடந்தது. கேக்கக்கா பதறவில்லை. தலையை எடுத்து இறக்கைக்குக் கீழே செருகி, இது தூங்குகிற அன்னம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களும் ஆகா என்று மெச்சினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு வேன் கம்பெனியின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஓட்டல் மேனேஜரிடமிருந்து அழைப்பு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டலின் ஆண்டு விழாவுக்கு இரண்டு அடுக்குக் கேக், மேலே ஜோடி அன்னம். பிடித்துப்போனால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்குவதாகச் சொன்னார்கள். கேக்கக்கா பிரிட்ஜைக் காட்டி மாஸ்டரிடம் பேசினார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது என்று மாஸ்டர் பிறகு சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை என் கேக்கு குத்து வாங்காம இறங்கணும். இல்லன்னா உங்க காரு இந்த வீட்டை விட்டு இறங்கும்."

மாஸ்டர் முதலில் மெக்கானிக்கிடம் போனார். விட்டுவிட்டுப் போங்கள், நானே ஓட்டிப் பார்த்துச் சரி செய்கிறேன் என்றார் மெக்கானிக். அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர்தான். அந்த நாட்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். தானே இறங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

கேஸ் தண்டுகள் இரண்டும் உதிரிபாகக் கடையில் புதிதாகக் கிடைத்தன, மாட்டினார். துடைப்பக் கட்டைக்கு விடுதலை கிடைத்தது. கொக்கிக்கு எண்ணெய் விட்டார். அப்படியும் குத்தினால்தான் திறந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர்தான் ஒட்டிக்கொள்கிறது, பவுடர் தடவுங்கள் என்று யாரோ சொன்னார்கள். சமையலறையில் ஒரு டப்பாவில் வெள்ளைவெளேரென்று பவுடர் இருந்தது. ரப்பர் முழுக்கத் தாராளமாகத் தடவிக் கதவை மூடினார். மறுநாள் காலையில் மெத்தை மச்சானின் குத்துக்கும் கதவு அசையவில்லை. பார்க்கிங்கிலிருந்து எறும்புகள் வரிசை கட்டி, காரின் பின்சக்கரம் வழியாக ஏறிக்கொண்டிருந்தன. கேக்கக்கா வந்து ரப்பரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐசிங் சுகர். என் அன்னத்துக்கு வச்சிருந்ததை வண்டிக்கு ஊட்டியிருக்கீங்க."

வெந்நீர் ஊற்றித் துடைத்து, எறும்புகளை வழியனுப்பி வைத்து, பழைய நிலைமைக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு நாள் போய்விட்டது. மாஸ்டர் காரின் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து யோசித்தார். கதவு மூடியிருக்கும்போதுதான் கோளாறு. திறந்தால் கொக்கி ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகையால் மூடியிருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க ஓர் ஆள் உள்ளே இருக்க வேண்டும். கேக் வைக்கும் இடத்தில் மாஸ்டர் ஏறிப் படுத்தார். முழங்காலை மோவாய் வரைக்கும் மடக்கினார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பயிற்சிக் காரிலிருந்து கழற்றிய பக்கவாட்டுக் கண்ணாடி. மனைவியை லீவர் அருகில் நிறுத்தினார். மச்சானைக் கதவை மூடச் சொன்னார்.

கண்ணாடிக் கதவு என்பதால் உள்ளே மடங்கிக் கிடந்த மாஸ்டர் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தார். எங்கள் குடியிருப்பில் அன்று வீட்டிலிருந்தவர்கள் அனைவரும் இறங்கி வந்துவிட்டோம். மாடி வீட்டு வக்கீல் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இவர் தன் சம்மதத்தின் பேரில்தான் உள்ளே போனாரா என்று கேக்கக்காவிடம் விசாரித்தார். "இப்போதைக்கு அவர் சம்மதம். இனிமே என் சம்மதம்" என்றார் கேக்கக்கா.

மச்சான் குத்தினார். திறந்தது. மூடினார், மறுபடி குத்தினார். மூன்றாவது குத்தின்போது மாஸ்டர் கண்ணாடிக்குள் அதைப் பார்த்தார். கதவின் கொக்கி போய்ப் பிடிக்கிற இரும்பு வளையம், காரின் உடம்பில் ஒரு தகட்டோடு இரண்டு திருகுகளால் மாட்டியிருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் அந்தத் தகடு மயிரிழை அளவு கீழே இறங்கியது. தகடு இறங்க இறங்க வளையம் கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது இழுத்துப் பிடிக்கப் பிடிக்கக் கதவு இன்னும் இறுகும். இறுகினால் இன்னும் பலமாகக் குத்த வேண்டும். முதல் குத்து யார் விட்டதோ தெரியாது. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக டிக்கியைத் திறந்து வந்த கைதான் அதை ஒட்டவும் வைத்திருக்கிறது.

மாஸ்டர் கையிலிருந்த கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பினார். அதில் மெத்தை மச்சானின் முகம் தெரிந்தது. சட்டைக் கை மடித்தபடி, கூடியிருந்த எங்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் இறங்கி வந்து முதுகை நிமிர்த்தினார்.

"ரெண்டு திருகு லூஸ், மாப்ளே. தகடு தானா இறங்கியிருக்கு."

"தானாவா?"

"தானாத்தான். நம்ம ரோடு சரியில்லை."

கேக்கக்கா கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். வலது கால் பார்க்கிங்கின் சிமெண்ட் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கேக்குக்கு மாவு கலக்கப் போய்விட்டார்.

மாஸ்டர் தகட்டை மேலே ஏற்றித் திருகுகளை முறுக்கினார். கொக்கியில் கெட்டியாகிக் கிடந்த பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவினார். கதவை மூடி லீவரை ஒரு விரலால் இழுத்தார். டக். புதுத் தண்டுகளின் பலத்தில் கதவு தானாக, சோம்பல் முறிப்பதுபோல, மேலே எழுந்து நின்றது. நாங்கள் கைதட்டினோம். மெத்தை மச்சானும் தட்டினார். பிறகு மடித்த சட்டைக் கையை இறக்கிப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"நல்லா வேலை செய்யுது, அத்தான். சத்தமே இல்லை" என்றார், ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு வந்தவர் குரலில். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை தான் வர வேண்டியதில்லையே என்று அக்காவிடம் கேட்டார். வேண்டாம், வீட்டில் படுத்துத் தூங்கு என்றார் அக்கா. மெத்தை விற்பவருக்குத் தூங்கச் சொல்வது தவறில்லைதான். ஆனால் அவர் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஜோடி அன்னங்கள் டிக்கியில் ஏறின. கதவு மூடியதும் கண்ணாடிக்கும் அன்னத்தின் உச்சிக்கும் ஒரு விரல் இடைவெளி. மாஸ்டர் தன் வாழ்நாளிலேயே மிக மெதுவாகக் காரை எடுத்தார். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் நின்றிருந்தது. அந்தப் பக்கமாக ஒரு வேலை இருப்பதாகவும், அதற்காகத்தான் போவதாகவும் மெத்தை மச்சான் சொன்னார். காலை உந்தி உந்திப் பின்னால் வந்தார்.

வழியிலிருந்த சிக்னல்கள் எல்லாம் பச்சையாகவே கிடைத்தன. ஓட்டலுக்கு முன்னால் கடைசி சிக்னல். சிவப்பு விளக்கு விழுந்தது. மாஸ்டர் காரை ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினார். அவருடைய வலது கை, என்றும்போல, தன் கடமையைச் செய்தது.

டக்.

கேக்கக்கா கழுத்தைத் திருப்பினார். நாற்சந்தியின் நடுவில், இரண்டு பஸ், ஒரு லாரி, எண்ணற்ற இருசக்கர வாகனங்களின் முன்னிலையில், டிக்கிக் கதவு திரைச்சீலை போல நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது. வெயிலில் இரண்டு அன்னங்களும் பளபளத்தன.

"என்ன செஞ்சீங்க?"

"நிறுத்தினேன்" என்றார் மாஸ்டர். பிறகு தன் வலது கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அங்குலம் அங்குலமாக மூடிய கதவு; நடுரோட்டில் அவசரமாக மூட வேண்டுமென்றால் புதுத் தண்டுகளை மீறி அழுத்திச் சாத்த வேண்டும். அந்த அதிர்ச்சியில் ஒரு விரல் இடைவெளி என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. அதற்குள் மெத்தை மச்சான் ஸ்கூட்டரை நடைபாதையில் சாத்திவிட்டு ஓடிவந்து டிக்கியின் முன் நின்றார். அந்த மூலையைப் பார்த்ததும் அவர் கை பழக்கத்தில் மடங்கி மேலே எழுந்தது.

கேக்கக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தம்பி. குத்தாதே."

மேலே போன கை அப்படியே நின்றது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவர் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் கேக்கின் இருபுறமும், தொடாமல், குளிர் காய்வதுபோல் வைத்துக்கொண்டார்.

"நான் பாத்துக்கறேன், அத்தான். நீங்க எப்பவும் போற மாதிரியே போங்க."

வேறு யார் ஓட்டியிருந்தாலும் ஒரு மனிதன் பின்னால் நடந்து வந்திருக்க முடியாது. மாஸ்டரின் வேகத்துக்கு நடந்தாலே போதும். நடுவில் ஓரிடத்தில் மச்சான் நின்று காத்திருக்கக்கூட வேண்டியிருந்தது. பஸ் பின்னால் ஊர்ந்து வந்தது. ஹாரன் அடித்த டிரைவர், எதிரே இருப்பது என்னவென்று பார்த்ததும், அடிப்பதை விட்டுவிட்டார். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் முந்தப் போய், ஏதோ மரியாதைக் குறைவாகத் தோன்ற, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். மாஸ்டர் உள்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை; அதில் இரண்டு அன்னங்களின் கழுத்துக்கு நடுவே மச்சானின் முகம் தெரிந்தது. கற்பவர் யாராவது அப்படிக் கண்ணாடியையே பார்த்து ஓட்டினால் அவரே பாஸ் போட மாட்டார்.

இவ்வளவு நிதானமாக ஒன்று வந்துகொண்டிருந்ததால் ஓட்டலில் எல்லோரும் வாசலுக்கு வந்து கூடுவதற்கு அவகாசம் இருந்தது. மேனேஜர் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். இப்படி ஒரு மரியாதையோடு கேக் வந்து தாம் பார்த்ததில்லை என்றார். ஒவ்வொரு வாரமும் இதே மாதிரி, கதவு திறந்து, பின்னால் ஆள் நடந்து, கொண்டுவர முடியுமா என்று தயக்கத்தோடு கேட்டார். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். கேக்கக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அதுக்குத்தானே சார் இந்தக் காரை வச்சிருக்கோம். வேன்ல எல்லாம் இப்படி வராது."

அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். கடைசி சிக்னலில் கார் நிற்கும், டக் என்று சத்தம் வரும், கதவு எழும்பும், மெத்தை மச்சான் இறங்கி நடப்பார். வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டார், முழுக்கை, மடிப்பதில்லை. கடையிலும் இப்போது மெத்தையைக் குத்துவதில்லை, உள்ளங்கையால் மெல்லத் தடவிக் காட்டுகிறார். வியாபாரம் முன்னைவிடச் சுமார்தான், ஆனால் வருகிறவர்கள் அங்கேயே படுத்துத் தூங்கிவிடுகிறார்கள் என்று பெருமைப்படுகிறார். வார நாட்களிலும் மாஸ்டரின் கை சும்மா இருப்பதில்லை. எல்லாச் சிக்னலிலும் டிக்கி திறக்கிறது, அவர் இறங்கிப்போய் மூடிவிட்டு வருகிறார். போக்குவரத்துக் காவலர் சல்யூட் அடிப்பதாகக் கேள்வி. பிரிட்ஜில் ஒட்டியிருந்த வேன் விளம்பரத்தைக் கேக்கக்கா வட்டமாக வெட்டி ஒரு கேக்குக்கு அடியில் வைத்துவிட்டார்.

போன வாரம் ஓட்டல் வாசலில் கேக்கை இறக்கிக் கொடுத்த பிறகு, மெத்தை மச்சான் டிக்கியின் இடது மூலையில் மங்கிப்போன பெயிண்டைத் தடவிக்கொண்டே கேட்டாராம்.

"அத்தான், அந்தத் தகடு நிஜமாவே தானாத்தான் இறங்குச்சா?"

"ரோடு சரியில்லை, மாப்ளே" என்றார் மாஸ்டர்.

மச்சான் குனிந்து ரோட்டைப் பார்த்தார். ஓட்டலின் முன்னால் புதிதாகப் போட்ட தார், பலகை மாதிரி இருந்தது. மாஸ்டரின் காலையும் பார்த்தார். அது அந்தத் தாரை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"ஆமா அத்தான். ரொம்ப மோசம்" என்று சொல்லிவிட்டு, கதவை இரண்டு கைகளாலும் மெதுவாக இறக்கி, சத்தமில்லாமல் மூடினார்.